கோச்சிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, அக்கா!

அமெரிக்கக் கல்லூரிகளின் சாக்கர் (நம்மூர்க் கால்பந்து) அணிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன். நான் இருப்பது வட கரோலினாவில், கேரியில். மகள் இங்கே ஒரு கிளப்பில் சென்டர் பேக்காக ஆடிவிட்டு இப்போது ஒரு டிவிஷன் மூன்று கல்லூரியில் ஆடுகிறாள். (கல்லூரி விளையாட்டில் டிவிஷன் ஒன்று மேலடுக்கு, மூன்று கீழடுக்கு.) அவள் கிளப்பில் இருந்த காலம் முழுக்க அந்த அணிக்கு நான்தான் டீம் மேனேஜர். ஹோட்டல் புக் செய்வது, பிளேயர் கார்டுகளை அடுக்கி வைப்பது, ஆள் பார்ப்பதற்கென்றே நடக்கும் ஷோகேஸ் போட்டிகளில் ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கல்லூரி கோச்சுகளிடம் அணியின் விவரத்தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் என் வேலை. அதனால் என் வீட்டுக் கதையோடு இன்னும் பல வீட்டுக் கதைகளும் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டதால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

மகள் ஒன்பதாம் வகுப்பு, மிட்ஃபீல்டில் ஆடுகிறாள். பெயர்பெற்ற ஒரு டிவிஷன் ஒன்று பல்கலைக்கழகத்தின் தலைமை கோச்சிடமிருந்து “உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம், எங்கள் ஐடி கேம்புக்கு (ஆட்களை அடையாளம் காணும் பயிற்சி முகாம்) வா” என்று ஈமெயில் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். கேம்ப் கட்டணம், விமான டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும்போல. போகலாமா அக்கா?
– ஒரு அம்மா, எடிசன், நியூ ஜெர்சி

அந்த ஈமெயிலின் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இடம் இருக்கும்வரை, வயது, வகுப்பு, பாலினம் பொருந்துகிற எவரும் இந்தக் கேம்பில் சேரலாம் என்று. அது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. கல்லூரி கோச் நடத்தும் கேம்பை, அழைத்தவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் மகளுக்கு வந்த அதே கடிதம் அவள் அணியில் இன்னும் பலருக்கு வந்திருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. டிவிஷன் ஒன்று சாக்கரில், பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15-க்கு முன்னால் கோச், அணிக்கு ஆளெடுக்கும் ரெக்ரூட்டிங் பற்றி அவளுக்கு எழுதவோ போனில் பேசவோ கூடாது. 2019-இல் வந்த விதி இது. அதற்கு முன்னால் அவர்கள் அனுப்பலாம் என்பது கேம்ப் விளம்பரம், விவரம் கேட்கும் படிவம் மாதிரியானவைதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வரும் கடிதம் எவ்வளவு அன்பாக எழுதப்பட்டிருந்தாலும் விதிப்படி அது கேம்ப் விளம்பரமாக மட்டுமே இருக்க முடியும். கோச்சுகளைக் குறை சொல்லவும் முடியாது. கேம்ப் வருமானத்தில் ஒரு பகுதி உதவி கோச்சுகளின் சம்பளத்துக்குத் துணையாகப் போவது பல கல்லூரிகளில் வழக்கம்.

அப்படியானால் கேம்பே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. காரில் போய் வரும் தூரத்தில் உள்ள கல்லூரி, மகளுக்கு நிஜமாகவே படிக்க ஆசை உள்ள கல்லூரி என்றால் தாராளமாகப் போகட்டும். அந்த கோச் எப்படிப் பயிற்சி கொடுக்கிறார், தப்பு செய்த பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார், ஏற்கெனவே அந்த அணியில் ஆடும் அக்காமார்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும். விமானம் ஏறிப் போகிற கேம்பை மட்டும், அந்த கோச் அவள் பெயரைச் சொல்லி நேரடியாகப் பேசும் காலத்துக்குத் தள்ளி வையுங்கள்.

நிஜ ஆர்வத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் ஒரு குறிப்பிட்ட விஷயம் இருக்கும். “சனிக்கிழமை காலை ஆட்டத்தில் இரண்டாவது பாதியில் நீ இடது பக்கம் மாறிய பிறகு பார்த்தேன்” என்று இருக்கும். அடுத்த போட்டி அட்டவணையைக் கேட்பார். ஜூன் 15 பிறந்ததும் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே போன் ஒலிக்கும் வீடுகள் உண்டு. அதுதான் உண்மையான விருப்பம். ஜூன் 15 தாண்டி ஆகஸ்டும் ஆகிவிட்டது, பிள்ளை எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை, கேம்ப் விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது என்றால், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று சொன்ன கதைதான். அடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

மகனை கோச்சுகளுக்கு எழுதச் சொன்னால் கூச்சப்படுகிறான். தினமும் சண்டை. அவன் ஈமெயிலைத் திறந்து நானே அவன் பெயரில் எழுதி அனுப்பிவிடலாமா?
– ஒரு அப்பா, நேப்பர்வில், இல்லினாய்

வேண்டாம் சார். கோச்சுகள் தினமும் இப்படிப்பட்ட கடிதங்களைக் குவியலாகப் படிக்கிறவர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் எழுதிய வாக்கியம் எது, பதினாறு வயதுப் பையன் எழுதியது எது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், நாளை போன் வரும்போது பேச வேண்டியவன் அவன். கடிதத்தில் இருக்கும் பையனும் போனில் வரும் பையனும் வேறு வேறாக இருந்தால் அதோடு சரி.

கூச்சப்படும் பிள்ளைக்குக் கஷ்டம் எழுதுவதில் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியாததில். அதை உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். தலைப்பு வரியிலேயே எந்த ஆண்டு பள்ளி முடிக்கிறான், எந்த இடத்தில் ஆடுகிறான், பெயர், கிளப், சட்டை எண், எல்லாம் வந்துவிட வேண்டும். “2028, இடது பேக், கிளப் பெயர், எண் 14” என்கிற மாதிரி. கோச் விமான நிலையத்தில் நின்றுகொண்டு போனில் பார்ப்பவர். திறக்காமலே அவருக்கு விஷயம் தெரிய வேண்டும். உள்ளே நாலைந்து வரி போதும். ஏன் இந்தக் கல்லூரி என்பதற்கு ஒரு வரி, அது அந்தக் கல்லூரிக்கு மட்டுமே பொருந்தும் வரியாக இருக்க வேண்டும். மதிப்பெண் ஒரு வரி. வீடியோ இணைப்பு. வரும் வாரக் கடைசியில் எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு, யாரோடு ஆட்டம் என்பது. கிளப் கோச்சின் பெயரும் தொடர்பும். “என் அப்பா சொன்னார்” என்று எங்கும் வரக் கூடாது.

அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது. அதில் நீங்கள் பக்கத்தில் உட்காரலாம். அந்தக் கல்லூரி அணியின் ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்து வையுங்கள். எத்தனை இடது பேக்குகள், யார் எந்த ஆண்டில் படிக்கிறார்கள், உங்கள் மகன் போய்ச் சேரும் ஆண்டில் யார் யார் முடித்துப் போயிருப்பார்கள் என்று பார்க்கலாம். எல்லாரும் வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு மாறி வந்தவர்களா, நேராகப் பள்ளியிலிருந்து வந்தவர்களா? நாலாம் ஆண்டில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்? முதல் ஆண்டில் பத்துப் பேர், நாலாம் ஆண்டில் இரண்டு பேர் என்று இருந்தால் நடுவில் மற்றவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். எந்த இணையதளச் சந்தாவும் இல்லாமல், இலவசமாகக் கிடைக்கும் தகவல் இது. எங்கள் அணிப் பிள்ளைகள் இந்தப் பட்டியலை வைத்துப் பேசக் கற்றுக்கொண்ட பிறகு கூச்சம் தானாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு நிஜமான கேள்வி கைவசம் இருந்தால் பேச்சு வந்துவிடும்.

கோச்சிடம் நீங்கள் பேசும் கட்டம் ஒன்று வரும். அது பணம் பற்றிய பேச்சு. அப்போது நீங்கள்தான் பேச வேண்டும், பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

ஏழு வயதிலிருந்து கிளப்புக்கு வருடா வருடம் பல ஆயிரம் டாலர் கட்டிக்கொண்டிருக்கிறோம். மகன் இப்போது பத்தாம் வகுப்பு, நன்றாக ஆடுகிறான். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் போட்ட பணம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வாய்ப்பு எப்படி?
– ஒரு அப்பா, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

அண்ணா, இந்தக் கணக்கை இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பையன்கள் சாக்கரில் முழு ஸ்காலர்ஷிப் என்பது மிக அரிது.

2025 வரைக்கும் டிவிஷன் ஒன்றில் ஒரு ஆண்கள் சாக்கர் அணிக்கு அனுமதித்த உச்சவரம்பு 9.9 முழு ஸ்காலர்ஷிப் அளவு. பெண்கள் அணிக்கு 14. அதைத்தான் கோச் இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருவனுக்குக் கால் பங்கு, இன்னொருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும், பலருக்கு ஒன்றுமே கிடையாது. 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு இது மாறியது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பதிலாக அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. “அப்படியானால் 28 பேருக்கும் முழுப் பணமா?” என்று பெற்றோர் சிலர் உற்சாகமாகக் கேட்டார்கள். கொடுக்கலாம் என்பதுதான் விதி, கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இப்படிக் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. சாக்கருக்கு உடனே தெரிந்த விளைவு, அணிகள் சிறுத்ததுதான். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் சேர்ந்து ஆட முன்பு கிடைத்த கடைசி இடங்கள் குறைந்துவிட்டன.

பையன்களுக்குப் போட்டியும் வேறு மாதிரி. டிவிஷன் ஒன்றில் பெண்கள் சாக்கர் அணி சுமார் 350 கல்லூரிகளில் இருக்கிறது, ஆண்கள் அணி இருநூற்றுச் சொச்சத்தில்தான். அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றே நூறு பையன்களை இழுத்துக்கொள்கிறது. 1972-இன் டைட்டில் ஒன்பது சட்டம் பெண்களுக்குச் சம வாய்ப்புக் கேட்கிறது. அதனால் மற்ற விளையாட்டுகளில் பெண்கள் அணிகள் கூடின. (சட்டத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் மகள் ஆடுவதே அதனால்தான்.) அப்புறம், உங்கள் மகன் போட்டி போடுவது ஃபிரிஸ்கோ பையன்களோடு மட்டும் அல்ல. 2024 டிசம்பரில் டிவிஷன் ஒன்று ஆண்கள் சாக்கர் இறுதிப் போட்டி எங்கள் ஊர் வேக்மெட் மைதானத்தில் நடந்தது. வெர்மான்ட் பல்கலைக்கழகம் கூடுதல் நேரத்தில் மார்ஷல் பல்கலைக்கழகத்தை 2-1 என்று வென்றது. தோற்ற மார்ஷல் அணியில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். வெற்றி கோலை அடித்த வெர்மான்ட் ஆட்டக்காரரும் ஜெர்மனிக்காரர். ஐரோப்பாவில் அகாடமியில் வளர்ந்து இருபது இருபத்தொரு வயதில் வரும் ஆளையும், கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்த பிறகு வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு வரும் ஆளையும் கோச் எடுக்கிறார். அவருக்கும் வேலை நிலைக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் தேறி வரும்வரை காத்திருக்க எல்லாராலும் முடியாது.

அதனால் பணத்தை மதிப்பெண்ணில் தேடுங்கள். டிவிஷன் மூன்றில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் படிப்புக்கான உதவித்தொகை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி இரண்டும் உண்டு. நல்ல மதிப்பெண் உள்ள பையனுக்கு அங்கே கிடைக்கும் தள்ளுபடி, டிவிஷன் ஒன்றில் கிடைக்கும் கால் பங்கு ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். ஹார்வர்ட், யேல் எல்லாம் அடங்கிய ஐவி லீக்கும் டிவிஷன் ஒன்றுதான், ஆனால் அங்கேயும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை, வருமானத்தைப் பார்த்துத்தான்.

அப்படியும் ஒரு கோச் ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசினால், எத்தனை டாலர், எத்தனை ஆண்டுக்கு, வருடா வருடம் புதுப்பிப்பதா, காயம்பட்டால் என்ன ஆகும், கோச் வேலை மாறிப் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வாயால் சொல்லும் வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது, உங்களையும்கூட. முன்பு கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரோடு ஒழிந்தது. இப்போது கையில் வாங்க வேண்டியது கல்லூரி தரும் எழுத்துப்பூர்வமான நிதி உதவி ஒப்பந்தம்.

ஏழு வயதிலிருந்து கட்டிய பணத்துக்கு அவன் ஏழு வயதிலிருந்து ஆடிவிட்டான். அதை அவனிடம் திரும்பக் கேட்காதீர்கள்.

பேத்தி அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகப் போகிறாள். பந்து விளையாட்டுக்காகக் கல்லூரி தேடுகிறார்கள் என்று மகன் சொல்கிறான். படிப்பு கெட்டுப்போகாதா? பெண் பிள்ளை வெயிலில் ஓடிக்கொண்டே இருந்தால் டாக்டருக்கு எப்போது படிப்பாள்?
– ஒரு பாட்டி, பாளையங்கோட்டை

அம்மா, உங்கள் கவலை நியாயமானது, என் அம்மாவும் இதையேதான் கேட்டார்கள். டிவிஷன் ஒன்றில் போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. பயண நேரம் இதில் சேராது, அதனால் நிஜத்தில் இன்னும் அதிகம். டாக்டர் படிப்புக்குப் போகிற பிள்ளைக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் பிற்பகல் லேப் வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வரும்போதுதான். “போன மூன்று ஆண்டில் உங்கள் அணியில் எத்தனை பேர் வேதியியல், உயிரியல் படித்தார்கள்?” என்று பேத்தியே கோச்சிடம் கேட்கட்டும்.

ஆட்டத்தில் சேரவே படிப்பு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிவிஷன் ஒன்றில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்து அவற்றில் சராசரி 4-க்கு 2.3 எடுத்திருக்க வேண்டும். அதில் 10 பாடங்கள் கடைசி வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இது அடிமட்டம்தான், நல்ல கல்லூரிகள் கேட்பது இதைவிட வெகு உயரம். எம்.ஐ.டி., சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி எல்லாம் சாக்கரில் டிவிஷன் மூன்று அணிகள். 2022-இல் பெண்கள் பட்டத்தை வென்றது ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மருத்துவத்துக்குப் பெயர்போன அதே ஹாப்கின்ஸ். அதே ஆண்டு ஆண்கள் பட்டம் சிகாகோவுக்கு. அந்த ஆண்கள் அணிக்குக் கோச் ஜூலியான் சிட்ச் என்ற பெண்மணி. ஆண்கள் சாக்கர் அணியை என்.சி.ஏ.ஏ. பட்டத்துக்குக் கொண்டுபோன முதல் பெண் அவர்தான். பேத்தி போனில் பேசும்போது இதைச் சொல்லுங்கள் அம்மா, பாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா என்று மகிழ்ந்துபோவாள்.

நாங்கள் எச்-1பி வேலை விசாவில், மகள் அதைச் சார்ந்த எச்-4 விசாவில். கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. இவளையெல்லாம் கோச்சுகள் எடுப்பார்களா?
– ஒரு அம்மா, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

எடுப்பார்கள். வெளிநாட்டு மாணவர்களே அணி அணியாக ஆடும் ஊரில் விசா ஒரு தடையே அல்ல; விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் வாங்கலாம். தடை வருவது மற்ற பணத்தில். எச்-4 பிள்ளைக்கு அரசின் கல்விக்கடனோ ‘பெல்’ என்ற அரசு உதவித்தொகையோ கிடையாது. மாநிலக் கல்லூரிகளில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல தனியார் கல்லூரிகள் நிதி உதவி விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே கணக்கில் எடுக்கும். கோச்சின் முதல் போனிலேயே விசா நிலையைச் சொல்லிவிட்டு, “நிதி அலுவலகத்தில் யாரிடம் பேசுவது?” என்று கேட்டுவிடுங்கள். பல மாதம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னால் இரண்டு பக்கமும் மனக்கஷ்டம்.

ஒரு நல்ல செய்தி: ஆம்ஹர்ஸ்ட், போடின், எம்.ஐ.டி. மூன்றும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படும் உதவியை முழுதாகக் கொடுப்பவை. மூன்றிலும் டிவிஷன் மூன்று சாக்கர் அணி உண்டு. நுழைவது கடினம்தான், ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் பட்டியலில் வைக்கலாம்.

21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அது மூன்றாம் நான்காம் ஆண்டின் நடுவில் வரும், முன்கூட்டியே தேதியைக் குறித்து வையுங்கள். தன் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் என்.ஐ.எல். பணம் பக்கம் மட்டும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் போகவே கூடாது. விசாவுக்கே ஆபத்தாக முடியலாம்.

ஹைலைட் வீடியோ தயாரித்து, கோச்சுகளுக்கு அனுப்பித் தருவதற்கு ஒரு கம்பெனி 2,500 டாலர் கேட்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு அப்பா, சான் ரமோன், கலிஃபோர்னியா

வேண்டாம். கிளப்பிடம் கேமரா இருக்கும், வீடியோவை வெட்டி ஒட்ட உங்கள் பிள்ளைக்கே தெரியும். மூன்று நான்கு நிமிடம் போதும். நல்ல காட்சிகள் முதல் அரை நிமிடத்திலேயே வரட்டும். ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் ஆள் யார் என்று ஒரு வட்டமோ அம்புக்குறியோ. பாட்டு வேண்டாம். கோல் அடித்ததை மட்டும் அடுக்காதீர்கள். பந்தை இழந்த பிறகு என்ன செய்கிறாள் என்பதையும் கோச்சுகள் தேடிப் பார்க்கிறார்கள். கூடவே வெட்டாத முழு ஆட்டம் ஒன்றின் இணைப்பும் இருக்கட்டும், பிடித்துப்போனால் அதைத்தான் கேட்பார்கள்.

மகள் அக்டோபரில் பிறந்தவள். அவள் அணியில் பெரும்பாலோர் ஒரு வகுப்பு மேலே. அவர்களை கோச்சுகள் பார்க்க வரும்போது இவளுக்கு இன்னும் நேரம் வரவில்லை, இவள் முறை வரும்போது அணியே கலைந்துவிடுமே?
– ஒரு அம்மா, ஆஷ்பர்ன், வர்ஜீனியா

இந்தத் தொல்லை தீரப்போகிறது. 2026-27 பருவத்திலிருந்து பெரும்பாலான கிளப் லீக்குகளில் வயதுக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாறுகிறது. பள்ளி வகுப்போடு பொருந்திவிடும். உங்கள் கிளப் எப்போது எப்படி மாற்றுகிறது என்று மேனேஜரிடம் கேளுங்கள்.

மகளுக்கு பத்தாம் வகுப்பு மார்ச்சில் முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. ஜூன் 15 வருகிறது. அறையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள். எல்லாம் முடிந்ததா?
– ஒரு அம்மா, பாத்தெல், வாஷிங்டன்

முடியவில்லை தங்கச்சி. முதலில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள், ரெக்ரூட்டிங் பேச்சு இரண்டு வாரம் தள்ளட்டும்.

எங்கள் அணியிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் பையன்களைவிட அதிகம் வருகிறது. கல்லூரி கோச்சுகளின் சொந்த அணிகளிலேயே இது மாதிரி ஆட்கள் இருப்பார்கள். அதனால் அவர்கள் பயந்து ஓடுவதில்லை. அவர்களுக்குப் பிடிக்காதது மறைப்பதுதான். அவளே எழுதட்டும்: எந்தத் தேதியில் காயம், எப்போது ஆபரேஷன், டாக்டர் சொன்ன திரும்பும் மாதம், காயத்துக்கு முந்தைய முழு ஆட்டங்களின் வீடியோ. பிறகு மாதம் ஒரு சின்னக் கடிதம், இப்போது ஓட ஆரம்பித்துவிட்டேன், இப்போது பந்தோடு பயிற்சி என்று. ஒரு கோச்சுக்கு இந்தக் கடிதங்கள் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும் விஷயம், எந்த ஷோகேஸ் போட்டியிலும் தெரியாதது.

ஷோகேஸுக்காக அவசரப்பட்டுக் களமிறக்காதீர்கள். ஆபரேஷன் ஆகி ஒன்பது மாதம் ஆவதற்கு முன்னால் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயம் படும் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. “இந்த ஒரு போட்டிக்கு மட்டும்” என்று யார் கேட்டாலும், கிளப் கோச்சே கேட்டாலும், மறுத்துவிடுவது உங்கள் பொறுப்பு. உட்கார்ந்திருக்கும் இந்த மாதங்களில் கல்லூரிகளைப் போய்ப் பாருங்கள். பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-இலிருந்து டிவிஷன் ஒன்று கல்லூரிகளுக்கும் கோச்சைச் சந்திக்கும் விதமாகப் போய் வரலாம். ஆடாமல் ஒரு கல்லூரி வளாகத்தில் நடக்கும்போது இங்கே நான் படிப்பேனா என்று மட்டும் யோசிக்க அவளுக்கு இடம் கிடைக்கும்; ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை.

மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கிளப்பில் ஃபிஃபா 11+ வார்ம்-அப் செய்கிறார்களா என்று கேளுங்கள். இருபது நிமிடம், விசேஷச் சாமான் எதுவும் வேண்டாம், ஒழுங்காகச் செய்தால் காயங்கள் குறைவது நிரூபணமான விஷயம். செய்யவில்லை என்றால் செய்ய வையுங்கள்.

டிவிஷன் மூன்று கல்லூரி ஒன்றின் கோச், மகனிடம் “எர்லி டெசிஷனில் (முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) போடு, என் முழு ஆதரவு உண்டு” என்கிறார். அப்படியானால் இடம் உறுதிதானே?
– ஒரு அம்மா, ஆக்டன், மாசசூசெட்ஸ்

உறுதி இல்லை. டிவிஷன் மூன்றில் இடம் கொடுப்பது அட்மிஷன் அலுவலகம்தான்; கோச் சிபாரிசு செய்பவர். அந்தச் சிபாரிசுக்கு எவ்வளவு எடை என்பது கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசப்படும். சில இடங்களில் கோச்சுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு மாதிரி உண்டு, எம்.ஐ.டி. போன்ற இடத்தில் அவர் சொல்லுக்கு எடை குறைவு.

பதினோராம் வகுப்பு முடிந்து ஜூலையில் “ப்ரீ-ரீட்” என்று ஒன்று பல கல்லூரிகளில் நடக்கும். மதிப்பெண் பட்டியல், எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண், கடைசி ஆண்டுப் பாடத் திட்டம் எல்லாம் வாங்கி அட்மிஷன் ஆட்களிடம் கோச் காட்டுவார். மகனுக்கு அது நடந்ததா? என்ன பதில் வந்தது? இதை அவனே கேட்கட்டும். அதோடு இன்னும் இரண்டு கேள்வி: “இந்த ஆண்டு என் இடத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறீர்கள், அதில் நான் எத்தனையாவது?” “போன ஆண்டு உங்கள் முழு ஆதரவோடு போட்டவர்களில் யாருக்காவது இடம் கிடைக்காமல் போனதா?” நல்ல கோச் முகம் கோணாமல் பதில் சொல்வார். சுற்றி வளைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. எர்லி டெசிஷன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேதான் சேர வேண்டும். நிதி உதவி போதாமல் கட்ட முடியவில்லை என்றால் மட்டும் விலகலாம். அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். பிறகு நிதி அலுவலகத்துக்கு நீங்களே எழுதி ஒரு முன்மதிப்பீடு கேளுங்கள். ஆட்டக்காரர்களின் குடும்பங்களுக்குப் பல கல்லூரிகள் இதைச் செய்து தருகின்றன, ஆனால் கேட்க வேண்டும். நவம்பர் 1 கெடு என்றால் அந்தத் தாள் அக்டோபர் நடுவில் உங்கள் கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் பதில் எப்படி வந்தாலும் சமாளிக்க, ஜனவரி கெடு உள்ள கல்லூரிகளின் கட்டுரைகளையும் மகன் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.